ஆறு கணினி, ஒரு பென்டிரைவ், இணையம் இல்லை: ஆப்ட் ஏன் வட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறது?

கடலோர டீச்சர் (சனி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகும் சாலையில் கடல் பக்கமாக இறங்கினால் வரும் ஒரு மீனவக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஊர்ப் பொதுக்கூடத்தில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன; எல்லாம் நன்கொடையாக வந்தவை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சி++ பாடம், பன்னிரண்டுக்குப் பைதானும் மைஎஸ்கியூஎல்லும். இதுவரை நிரல்களை நோட்டில்தான் எழுதுகிறார்கள். சரியா தவறா என்று சொல்வது நான்தான். பல நேரம் நானே தவறு.

மதுரையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் டிவிடிக்கான ஐஎஸ்ஓவை, அதாவது முழு வட்டின் நகல் கோப்பை, பென்டிரைவில் எழுதிக் கொடுத்தான். அதை வைத்து ஐந்து இயந்திரங்களில் நிறுவிவிட்டேன். ஆறாவது தனிக் கதை, பிறகு சொல்கிறேன்.

சிக்கல் இதுதான். மென்பொருளை நிறுவுவது ஆப்ட் என்ற கட்டளை. சி++ நிரல்களை ஓட்டத் தேவையான கருவிகளுக்காக ‘ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ என்று தட்டினால், இன்ன பெயருள்ள வட்டை /மீடியா/சிடிராம்/ இயக்கியில் செருகி என்டரைத் தட்டு என்கிறது. எந்தப் பென்டிரைவிலிருந்து நிறுவினேனோ அதுவேதான் செருகியிருக்கிறது. கோப்பு மேலாளரில் திறந்தால் உள்ளே எல்லாம் தெரிகிறது. என்டரை நாற்பது தடவையாவது தட்டியிருப்பேன். கேட்டதையே கேட்கிறது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியதற்கு மன்னிக்கவும். பிள்ளைகள் நோட்டில் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே எழுதினால் எனக்கு வசதி.

தொண்டி முனை (சனி, இரவு 10.05)

டீச்சர், எதற்கு இந்தப் பாடு? கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங்கைப் போட்டுவிட்டால் இணையம் வந்துவிடும். பென்டிரைவில் நிறுவுவதெல்லாம் பத்து ஆண்டுக்கு முந்தைய வேலை.

கடலோர டீச்சர் (சனி, இரவு 10.20)

தம்பி, என் கைபேசித் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதில் என் மகளின் படிப்பும் அடங்கும். கூடத்துக்குள் சமிக்ஞை ஒரு கோடு காட்டினால் அதிகம். வலை காயப்போடும் மணல்மேட்டுக்குப் போனால் நன்றாகக் கிடைக்கும், ஆனால் கணினிகளை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாதே. ஐப்பசி மழை வேறு.

உப்பளத்தான் (சனி, இரவு 11.10)

ரொம்ப எளிது. ராமநாதபுரம் போகும்போது ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து, தேவையான .டெப் கோப்புகளை, அதாவது மென்பொருள் பொதிகளை, தேடி இறக்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து ‘டிபிகேஜி -ஐ’ போட்டு நிறுவுங்கள். சார்பு (அந்தப் பொதி ஓடத் தேவையான வேறு பொதி) இல்லை என்று முரண்டு பிடித்தால் ‘--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்’ சேர்த்துவிடுங்கள், போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

கீழக்கரைக் காக்கா (ஞாயிறு, காலை 6.15)

உப்பளத்தான் சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம், டீச்சர். ஃபஜ்ர் தொழுகை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பதறிவிட்டது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெபியனை டிவிடி ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவினால், நிறுவி தன்னை வட்டு என்றுதான் நினைத்துக்கொள்ளும். /எடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் வரி ‘டெப் சிடிராம்:’ என்று தொடங்கி, சதுர அடைப்புக்குறிக்குள் வட்டின் பெயர், தேதி எல்லாம் இருக்கும். ஆப்ட் அந்த வட்டை /மீடியா/சிடிராம் என்ற அடைவில் மட்டும்தான் தேடும். உங்கள் பென்டிரைவோ, செருகியதும் /மீடியாவுக்குள் உங்கள் பயனர் பெயரில் உள்ள வேறோர் அடைவில் தானாக ஏறிக்கொள்கிறது. சரக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் ஆப்ட் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. என்டரை நானூறு தடவை தட்டினாலும் இதே பதில்தான்.

இன்றைக்கே வேலை ஆக வேண்டுமென்றால்: ‘எல்எஸ்பிஎல்கே’ தட்டி, பென்டிரைவ் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிபி1 என்று வைத்துக்கொள்வோம். தானாக ஏறியதை இறக்கிவிட்டு, ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ‘மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்டிபி1 /மீடியா/சிடிராம்’. அந்த அடைவு இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆப்ட்டை ஓட்டினால் கேள்வி கேட்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிடிராம் வரியை நீங்களே கையால் எழுதக் கூடாது. எழுதினால், ‘ஆப்ட் அப்டேட்’ தட்டும்போது, புதிய வட்டைச் சேர்க்க ஆப்ட்-சிடிராமைப் பயன்படுத்து என்று திருப்பி அனுப்பிவிடும். வட்டுகளைச் சேர்க்க ‘ஆப்ட்-சிடிராம் ஆட்’ என்று தனிக் கட்டளையே இருக்கிறது. அதுதான் வட்டுக்குள் போய்ப் பொதிகளின் பட்டியலைப் படித்து வைத்துக்கொள்ளும். ஆப்ட்டுக்கு வேண்டியது பட்டியலும், அந்தப் பட்டியலில் உள்ள பொருள் கிடைக்கும் இடமும்தான். அந்த இடம் வெளிநாட்டு வழங்கியா உங்கள் மேசை டிராயரா என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை.

கடலோர டீச்சர் (ஞாயிறு, இரவு 7.30)

காக்கா, உங்கள் பதிவைப் பார்ப்பதற்குள் காலை ஆறு மணி பஸ்ஸில் ராமநாதபுரம் போய்விட்டேன். நேற்றிரவு உப்பளத்தான் எழுதியதை நம்பி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு எடிட்டரையும் அது கேட்ட கோப்புகளையும் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் தளத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்று இரண்டைக் கேட்கிறது, இரண்டு ஐந்தைக் கேட்கிறது. இங்கே வந்து போட்டால் ‘லிப்சி6 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்றது. அவர் சொன்ன ஃபோர்ஸையும் போட்டுவிட்டேன். எடிட்டர் திறக்கவில்லை. அதோடு போகவில்லை, இப்போது அந்த இயந்திரத்தில் எதை நிறுவப் போனாலும் சார்புகள் உடைந்திருக்கின்றன என்று நிற்கிறது.

கீழக்கரைக் காக்கா (ஞாயிறு, இரவு 8.00)

பயப்பட வேண்டாம், சரியாகிவிடும். லிப்சி என்பது மற்ற நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். டெபியன் 12 இல் இருப்பது 2.36. உபுண்டு 24.04 இல் 2.39. அங்கே கட்டிய பொதி இங்கே எப்படி ஓடும்? இரண்டும் .டெப் என்பதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். மதுரை மல்லிக்கும் காட்டுமல்லிக்கும் கூடத்தான் பெயரில் மல்லி இருக்கிறது.

பென்டிரைவை /மீடியா/சிடிராமில் ஏற்றிவிட்டு, ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ தட்டுங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று பட்டியல் காட்டும். அதில் நீங்கள் இன்று கொண்டுவந்தவை மட்டும் இருந்தால் ஒய் போடுங்கள். வேறு பெயர்கள் தெரிந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

உப்பளத்தான் (ஞாயிறு, இரவு 8.25)

என் இயந்திரத்தில் ஓடியது, அதனால் சொன்னேன். நான் வைத்திருப்பது உபுண்டு என்பதை யோசிக்கவில்லை. டீச்சர், பஸ் கட்டணம் என் கணக்கில் இருக்கட்டும்.

போட்மெயில் பெங்குவின் (ஞாயிறு, இரவு 11.50)

சொந்த ஊர் தங்கச்சிமடம், வேலை சென்னையில். இந்த இழையைப் பார்த்ததும் பழைய ஞாபகம். உபுண்டுவை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள், ஷிப்இட் என்று பெயர். 2005 இல் தொடங்கி 2011 இல் நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் படிக்கும்போது நானும் எழுதிப் போட்டேன். நெதர்லாந்து முத்திரையோடு உறை வந்தபோது, தபால்காரர் அதை நேரே என்னிடம் தராமல், வெளிநாட்டிலிருந்து உனக்கு யார் எழுதுவது என்று அப்பாவிடம் விசாரணை நடத்திவிட்டுத்தான் கொடுத்தார்.

இருக்கட்டும். காக்கா சொன்னது சரி, ஆனால் அது ஒரு இயந்திரத்துக்கான வழி. ஐந்து இயந்திரத்திலும் ஒவ்வொன்றாகப் பென்டிரைவைச் செருகி, ஏற்றி, இறக்கி... டீச்சருக்கு வகுப்பு நடத்த நேரம் இருக்காது. என் வழி இது:

இருப்பதில் தெம்பான இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் /எஸ்ஆர்வி/டிவிடி1 என்று ஓர் அடைவை உருவாக்கி, பென்டிரைவில் உள்ள அனைத்தையும் ‘சிபி -ஏ’ போட்டு நகலெடுங்கள். நான்கு ஜிபிக்குள் அடங்கிவிடும். பிறகு சோர்சஸ்.லிஸ்டில் இருக்கும் எல்லா வரிகளின் முன்னும் # போட்டுவிட்டு, புதிதாக ஒரே வரி: ‘டெப் [டிரஸ்டட்=எஸ்] ஃபைல்:/எஸ்ஆர்வி/டிவிடி1 புக்வோர்ம் மெயின் கான்ட்ரிப் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’. புக்வோர்ம் என்பது டெபியன் 12 இன் பெயர். பிறகு ‘ஆப்ட் அப்டேட்’. அவ்வளவுதான். இனி பென்டிரைவே வேண்டாம்.

இணைய வரிகளுக்கும் # போடச் சொன்னது ஏன் என்றால், இல்லாத வழங்கியைத் தேடி ஒவ்வொரு தடவையும் ஆப்ட் காத்துக்கொண்டிருக்கும். நமக்கும் அலுப்பு.

மற்ற நான்குக்கும்: ஓர் எட்டு போர்ட் சுவிட்ச், நான்கைந்து கேபிள். இணையம் இல்லாவிட்டாலும் கூடத்துக்குள் வலையமைப்பு இருக்கலாம் அல்லவா? முதல் இயந்திரத்துக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுங்கள். மற்றவற்றுக்கு 11, 12 என்று வரிசையாக. முதல் இயந்திரத்தில் /எஸ்ஆர்விக்குள் நின்று ‘பைதான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000’ ஓட்டுங்கள். மற்றவற்றின் சோர்சஸ்.லிஸ்டில் ஃபைல்:/எஸ்ஆர்வி என்று இருந்த இடத்தில் ஹெச்டிடிபி:// போட்டு, அந்த முகவரியும் 8000 என்ற போர்ட்டும் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த ஒற்றைக் கட்டளையைக் காட்டுங்கள். பைதான் எதற்குப் படிக்கிறோம் என்று யாராவது கேட்டால் பதிலாக இருக்கும்.

ஐயப்பாடு (திங்கள், காலை 9.10)

பெங்குவின் எழுதிய ‘டிரஸ்டட்=எஸ்’ என் கண்ணை உறுத்துகிறது. ஆப்ட் கையொப்பத்தைச் சரிபார்ப்பது காரணத்தோடுதான். அதை அணைத்துவிடு என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு இணையத்திலிருந்து எடுக்கும் களஞ்சியத்துக்கும் அதையே ஒட்டுவார்கள். வீட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கப் பழக்குவது போலத்தான் இது.

போட்மெயில் பெங்குவின் (திங்கள், மதியம் 1.05)

கவலை நியாயமானது. ஆனால் டிவிடிக்குள் இருக்கும் ரிலீஸ் கோப்பில் கையொப்பம் கிடையாது. சிடிராம் என்று சேர்த்தால் ஆப்ட் அதைக் கேட்காமலே நம்பிவிடும். ஃபைல் என்று சேர்த்தால் கேட்கும். வட்டு அதேதான், நுழையும் கதவுதான் வேறு. கையொப்பம் இருப்பது வெளியே, ஐஎஸ்ஓவின் சரிபார்ப்பு எண்ணோடு தரும் ஷா256சம்ஸ் கோப்புக்கு. ஆகவே சரிபார்க்க வேண்டியது ஐஎஸ்ஓவை இறக்கிய இடத்தில், பென்டிரைவில் எழுதுவதற்கு முன்னால். டீச்சர், அண்ணன் மகனிடம் ‘ஷா256சம்’ ஓட்டினானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐயப்பாடு (திங்கள், மதியம் 1.40)

ஏற்கிறேன். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, இது உள்ளூர் டிவிடிக்கு மட்டும் என்று ஒரு # குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யார் அந்தக் கோப்பைத் திறப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

கடலோர டீச்சர் (புதன், இரவு 9.55)

முதலில் ஐயப்பாடு ஐயாவுக்கு: அண்ணன் மகன் சரிபார்க்கவில்லையாம். அன்று இரவே ஓட்டிப் பார்த்து, எண் பொருந்துகிறது என்று செய்தி அனுப்பினான். குறிப்பையும் எழுதிவிட்டேன்.

உடைந்த இயந்திரம் சரியாகிவிட்டது, காக்கா. நீக்கும் பட்டியலில் நான் கொண்டுவந்த ஏழு பெயர்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் ஒய் போட்டேன்.

செவ்வாய் மாலை, பெங்குவின் தம்பி சொன்னபடி முதல் இயந்திரத்தில் நகலெடுத்தேன். இரண்டாவது இயந்திரம் அன்றைக்கென்று பார்த்து எழுந்திருக்கவில்லை. மூன்று பீப் சத்தம், திரை கறுப்பு. பின்பக்கத்தைத் திறந்தால் ரேம் அட்டையின் பொன்னிறப் பற்கள் பச்சை பூத்துப்போயிருந்தன. இந்த உப்புக் காற்றில் சைக்கிள் செயினே ஆறு மாதம் தாங்காது, இது எம்மாத்திரம். ஒரு பையன் தன் பென்சில் அழிப்பானை எடுத்து, பல்வரிசையை ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தான். அழிப்பான் கறுத்துப்போனது, பற்கள் மின்னின. தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பச் செருகினான். ஒரே பீப். படகு இன்ஜினில் அவன் அப்பா பிளக்கைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறானாம்.

சுவிட்சும் கேபிளும் ராமநாதபுரத்திலிருந்து வந்தன. நான்கு இயந்திரங்களிலும் ஒரே நேரத்தில் பில்ட்-எசென்ஷியல் ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் முதல் இயந்திரத்தின் திரைக்கு முன் கூடிவிட்டார்கள். எந்த இயந்திரம் எந்தக் கோப்பைக் கேட்கிறது என்று வரிவரியாக அதில் ஓடுகிறதே, என் பெட்டி கேட்கிறது பார், உன் பெட்டி கேட்கிறது பார் என்று ஒரே கூச்சல். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போனது.

அரை மணி கழித்து வந்தது. இரண்டு இயந்திரங்களில் ‘டிபிகேஜி தடைப்பட்டது’ என்ற செய்தி.

தொண்டி முனை (புதன், இரவு 10.10)

‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. அந்தச் செய்தியிலேயே மருந்தையும் எழுதியிருப்பார்கள், டீச்சர், பாதிப்பேர் படிப்பதில்லை. பாதியில் நின்ற பொதிகளை விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும்.

டெதரிங் என்று அவசரப்பட்டுச் சொன்னேன். மணல்மேட்டுக் கதையைப் படித்துவிட்டு அன்றிரவே சிரித்தேன். எங்கள் பக்கமும் அப்படித்தான்.

கடலோர டீச்சர் (வியாழன், இரவு 8.40)

நானும் படிக்காத பாதியில்தான் இருந்தேன். ஓட்டினேன், முடித்துவிட்டது. இப்போது ஐந்து இயந்திரத்திலும் சி++ ஓடுகிறது. பைதான் ஏற்கெனவே இருந்தது. மைஎஸ்கியூஎல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கீழக்கரைக் காக்கா (வியாழன், இரவு 9.05)

டெபியனில் அதன் இடத்தில் அதே வகைத் தரவுத்தளமான மரியாடிபி இருக்கிறது. மரியாடிபி-சர்வர் என்று தேடுங்கள். உங்கள் பாடத்தில் வரும் கிரியேட் டேபிள், செலக்ட் எல்லாம் மாற்றமில்லாமல் ஓடும்.

உங்களிடம் இருக்கும் டிவிடியில் ஒரு பொதி இல்லையென்றால் எந்த வட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, டெபியனின் வட்டுத் தளத்தில் ‘லிஸ்ட்-டிவிடி’ என்ற அடைவு உண்டு. ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பட்டியல் கோப்பு. கைபேசியிலேயே பார்க்கலாம், சிறிய கோப்புதான். டெபியன் 12 வெளிவந்தபோதே 64,000 பொதிகளுக்கு மேல். முதல் டிவிடியில் இருப்பது பலரும் பயன்படுத்தும் பொதிகள் மட்டும்.

போட்மெயில் பெங்குவின் (வியாழன், இரவு 11.30)

ஒரு வட்டில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது, ஐந்தாவதில் இருக்கிறது என்று அலைவதற்கு 16 ஜிபி பென்டிரைவுக்கென்றே டெபியன் தரும் உருவம் நல்லது. நேரடியாக இறக்க முடியாது; ஜிக்டோ வழியாகத்தான் கிடைக்கும். ஜிக்டோ ஒவ்வொரு .டெப் கோப்பாக வழங்கியிலிருந்து எடுத்து, நம் இடத்திலேயே ஐஎஸ்ஓவைக் கோத்துக்கொடுக்கும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். என் அறையில் ஃபைபர் இருக்கிறது, இன்றிரவே போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை என் தம்பி போட் மெயிலில் ஊருக்கு வருகிறான். பாம்பன் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் ராமேசுவரம் வரை போகிறது, இல்லையென்றால் மண்டபத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்காக ராமநாதபுரத்தில் இறங்கித் தந்துவிட்டுப் போவான்.

ஐயப்பாடு (வெள்ளி, காலை 8.15)

ஷா256 எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பென்டிரைவிலேயே எழுதி வைப்பதில் பயனில்லை.

உப்பளத்தான் (வெள்ளி, காலை 10.00)

இந்த முறை என் இயந்திரத்தில் சோதித்துவிட்டுச் சொல்கிறேன். எப்போதாவது ஒரே ஒரு பொதி வேண்டுமென்றால், 16 ஜிபிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒன்று இருக்கிறது. இணையமில்லாத இயந்திரத்தில் ‘செட்’ போட்டால், என்ன வேண்டும் என்று ஒரு சிறிய கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்பை இணையமுள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ‘கெட்’ போட்டால், தேவையானவற்றையும் சார்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். திரும்பி வந்து ‘இன்ஸ்டால்’. நான் அன்று டீச்சரை நெட் சென்டரில் உட்காரவைத்துச் செய்யச் சொன்ன வேலையைத்தான் இது முறையாகச் செய்கிறது.

ஆனால் சோர்சஸ்.லிஸ்டில் டிவிடி வரி மட்டும் இருந்தால் பயனில்லை. டிவிடியில் இல்லாத பொதி அந்த இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. இணைய வரிகளின் # குறியை நீக்கிவிட்டு, முதல் பயணத்தில் பட்டியலைப் புதுப்பிக்கும் கோப்பைக் கொண்டுவாருங்கள். இரண்டாம் பயணத்தில் பொதி.

கடலோர டீச்சர் (ஞாயிறு, இரவு 8.20)

பென்டிரைவ் வந்து சேர்ந்தது. காகிதமும் வந்தது. அந்த அறுபத்து நான்கு எழுத்துகளை இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் படித்து ஒப்பிட்டார்கள். மரியாடிபியும் போட்டாயிற்று. தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் நிறுவினேன், பிள்ளைகள் முதலில் அடித்தது அவரவர் அப்பாவின் படகுப் பெயரை.

மிச்சம் ஆறாவது இயந்திரம். பென்டிரைவைப் பார்த்ததும், இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று சொல்லி நின்றுவிடுகிறது.

கீழக்கரைக் காக்கா (ஞாயிறு, இரவு 8.45)

அது 32 பிட் இயந்திரம், டீச்சர். இந்தப் பென்டிரைவில் இருப்பது முழுக்க 64 பிட், அதில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. டெபியன் 12 இன் ஐ386 டிவிடி வேண்டும். 13 இல் 32 பிட் நிறுவியையே நிறுத்திவிட்டார்கள், அதனால் 12 தான் கடைசி வாய்ப்பு.

தொண்டி முனை (ஞாயிறு, இரவு 9.00)

அந்த டிவிடி என்னிடம் இருக்கிறது, பளபளவென்று, ஒரு கீறல் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஏர்வாடி தர்காவுக்கு வருகிறோம், போகிற வழிதான். அந்த இயந்திரத்தில் டிவிடி இயக்கி திறக்கிறதா?

கடலோர டீச்சர் (ஞாயிறு, இரவு 9.10)

திறக்கிறது. ஊக்கை விட்டு ஒரு குத்துக் குத்த வேண்டும்.